தொற்று நோய் காலத்துல சிறுபான்மை மக்களோட வழக்கத்தை மதிக்கிறதுன்னா என்ன? இலங்கை ஜனாஸா (இறந்த முஸ்லிம்களோட உடம்பு) எரிப்பை வச்சு ஒரு எளிய விளக்கம்

தொற்று நோய் பரவும்போது அரசாங்கத்துக்கு மக்கள்கிட்ட இருந்து ரெண்டு விஷயம் கட்டாயம் வேணும். காய்ச்சல் இருமல்னு வந்தா மறைக்காம வந்து டெஸ்ட் எடுத்துக்கணும், யார் யார் கூட இருந்தீங்கன்னு கேட்டா உண்மைய சொல்லணும். இந்த ரெண்டும் இல்லன்னா எத்தனை ஐசியூ பெட் இருந்தாலும் எத்தனை போலீஸ் நிறுத்தினாலும் நோய் எந்தத் தெருவுல இருந்து எந்தத் தெருவுக்குப் போகுதுன்னே தெரியாது. இப்போ யோசிச்சுப் பாருங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் அங்க மௌத்தாயிட்டா (இறந்துட்டா) நம்ம உடம்பை நம்ம மார்க்கத்துக்கு விரோதமா எரிச்சிடுவாங்கன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா, அவரு டெஸ்ட்டுக்கு வருவாரா?

இது கற்பனைக் கேள்வி கிடையாது. இலங்கையில 2020 மார்ச் கடைசில இருந்து 2021 பிப்ரவரி கடைசி வரைக்கும், கிட்டத்தட்ட 11 மாசம், கோவிட்ல இறந்த எல்லாரையும் எரிச்சே ஆகணும்னு வச்சிருந்தாங்க. அந்த நாட்டு ஜனத்தொகையில சுமார் 10 சதவீதம் முஸ்லிம்கள், அவங்க இறந்தவங்களை பொதைக்கிறவங்க, கிறிஸ்தவங்கள்லயும் நிறைய பேர் அடக்கம் பண்றவங்க தான். கட்டாயமா எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர்னு பின்னாடி அரசாங்கமே சொல்லுச்சு.

பப்ளிக் ஹெல்த் படிக்கப் போறவங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலைக்குச் சேர்றவங்க, பேரிடர் நேரத்துல தன்னார்வலரா போறவங்க, இவங்க எல்லாருக்கும் ட்ரெய்னிங்ல "கல்ச்சுரல் சென்சிடிவிட்டி"ன்னு ஒரு பாடம் வரும். பெரும்பாலும் கடைசி நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் வச்சு முடிச்சிடுவாங்க, கேக்குறவங்களும் சரி எல்லா மதத்தையும் மதிக்கணும் அவ்ளோதானேன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா இது மரியாதைப் பாடம் மட்டும் இல்ல, நோயை நிறுத்துற வேலையில இதுவும் ஒரு பாகம். அதைத்தான் இங்க முடிஞ்ச அளவுக்கு எளிமையா சொல்லப் பாக்குறேன்.

மொதல்ல அடிப்படை. அவசர காலத்துல போடுற எந்த ரூலுக்கும் ஒரு நோக்கம் இருக்கும், அந்த நோக்கத்தை அடைய ஒரு வழி இருக்கும். பொணத்துல இருந்து நோய் பரவக்கூடாது, இது நோக்கம். எரிக்கிறது ஒரு வழி, ஆழமா பொதைக்கிறது இன்னொரு வழி, மூடின பையோட அடக்கம் பண்றது இன்னொரு வழி. நோக்கத்துல விட்டுக்கொடுக்கவே வேண்டாம், ஆனா வழி பல இருக்கும்போது எந்த வழி எந்த சமூகத்தை எப்படி அடிக்கும்னு முன்னாடியே பாத்து, அவங்ககிட்டயே கேட்டு, நோயையும் தடுத்து அவங்களையும் உடைக்காத வழியைத் தேர்ந்தெடுக்குறது தான் நாம பேசுற விஷயம். விஞ்ஞானத்தை ஓரமா வச்சிட்டு சலுகை குடுக்கச் சொல்றாங்கன்னு நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. இலங்கையில நடந்ததைப் பாத்தா விஞ்ஞானத்தை ஓரமா வச்சது யாருன்னு தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24ஆம் தேதியே கோவிட்ல இறந்தவங்க உடம்பை எப்படி கையாளணும்னு வழிகாட்டல் போட்டிருச்சு. பொதைக்கலாம், எரிக்கலாம், ரெண்டும் சரின்னு அதுல இருந்துச்சு, தொற்று நோய்ல இறந்தவங்களை எரிச்சே ஆகணும்ங்கிறது பரவலா இருக்கிற ஒரு தப்பான நம்பிக்கைன்னும் எழுதியிருந்தாங்க. இலங்கை சுகாதார அமைச்சோட ஆரம்ப வழிகாட்டல்லயும் அடக்கத்துக்கு இடம் இருந்துச்சு. மார்ச் 30ஆம் தேதி நீர்கொழும்புல ஒரு முஸ்லிம் கோவிட்ல இறந்தாரு, குடும்பம் விரும்பாமலே அவர் உடம்பை எரிச்சாங்க, அடுத்த நாளே வழிகாட்டலை எரிக்கிறது மட்டும்னு மாத்திட்டாங்க. ஏப்ரல் 11ஆம் தேதி வர்த்தமானியில (அரசிதழ்ல) வந்து சட்டமாவே ஆயிடுச்சு, 800ல இருந்து 1200 டிகிரி வரைக்கும் சூட்டுல குறைஞ்சது 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் எரிக்கணும்னு அளவு உட்பட. காரணம் கேட்டா நிலத்தடி தண்ணி கெட்டுப்போயிடும், இலங்கையில தண்ணி மட்டம் மேல இருக்குன்னு சொன்னாங்க. பொதைச்ச உடம்புல இருந்து தண்ணி வழியா கோவிட் பரவுச்சுன்னு காட்ட யார்கிட்டயும் ஆதாரம் இல்ல.

இப்போ மறுபக்கம், முஸ்லிம்களுக்கு ஜனாஸான்னா என்னன்னு கொஞ்சம் பாக்கணும், இது தெரியாம இந்த விஷயம் புரியாது. ஒருத்தர் மௌத்தானா நாலு காரியம்: குளிப்பாட்டணும், கஃபன்ங்கிற வெள்ளைத் துணி சுத்தணும், ஜனாஸா தொழுகை தொழணும், கப்ருல (குழியில) அடக்கம் பண்ணணும். இதுக்கு ஃபர்ளு கிஃபாயான்னு சொல்வாங்க, அதாவது ஊர்ல சில பேர் செஞ்சிட்டா எல்லாருக்கும் கடமை நிறைவேறிடும், யாருமே செய்யலன்னா ஊர் முழுக்க குற்றவாளி. அதனால ஒரு மையத்தை (இறந்தவர் உடம்பை) எரிக்கும்போது அந்தக் குடும்பத்தோட துக்கம் மட்டும் இல்ல, அந்த ஜமாஅத்ல (பள்ளிவாசலைச் சேந்த ஊர் மக்கள்ல) இருக்கிற ஒவ்வொருத்தரும் நம்ம கடமைய நம்மளால செய்ய முடியலையேன்னு உள்ளுக்குள்ள நொறுங்குவாங்க. இறந்தவங்க எலும்பை முறிக்கிறது உயிரோட இருக்கிறவங்க எலும்பை முறிக்கிறதுக்குச் சமம்னு ஹதீஸ் கேட்டு வளந்தவங்க கிட்ட, வாப்பாவோட உடம்பை எரிச்சிட்டு சாம்பல் வந்து வாங்கிட்டுப் போங்கன்னு சொன்னா அவங்க எப்படித் தாங்குவாங்க?

ஆனா கவனிங்க, அந்த நாலு காரியமும் ஒரே அளவு ஆபத்து இல்ல. குளிப்பாட்டுறதுல உடம்பைத் தொடணும், அதுல கொஞ்சம் ஆபத்து இருக்கலாம், கவசம் போட்டு செய்யலாம். கஃபன் துணிய மூடின பை மேலயே சுத்தலாம். தொழுகை நின்னுட்டே தொழறது தான், ருகூ சஜ்தா (குனியறது, நெத்திய தரையில வைக்கிறது) எதுவும் இல்ல, நாலு பேர் தள்ளி நின்னு தொழுதா முடிஞ்சுது. அடக்கம் பண்றதுல ஆபத்து இருந்ததா காட்டவே இல்ல. ஒரு சுகாதார அதிகாரி பள்ளிவாசல் நிர்வாகிகளோட ஒரு மணி நேரம் உக்காந்து இதை இப்படிப் பிரிச்சுப் பேசியிருந்தா பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது. ஒத்துழைக்க மாட்டாங்கன்னு சொல்லவும் முடியாது, 2020 மார்ச் நடுவுலயே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஒண்ணா சேர வேண்டாம்னு மார்க்க அறிஞர்கள் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவிச்சிருந்துச்சு. நோய்க்காக ஜும்ஆவையே நிறுத்தத் தயாரா இருந்த சமூகம் அது.

சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு தானே, எல்லா மதத்துக்காரங்களையும் தானே எரிச்சாங்கன்னு ஒரு வாதம் வரும், அப்பவும் வந்துச்சு. இங்க தான் புதுசா இந்த விஷயத்துக்கு வர்றவங்க நின்னு யோசிக்கணும். ஏற்கனவே எரிக்கிற வழக்கம் இருக்கிறவங்களுக்கு எரிக்கச் சொல்ற ரூலால இழப்பு கம்மி, பொதைக்கிறவங்களுக்கு அதே ரூலால எல்லாமே போச்சு. ரூல் எழுதுற மேஜையில உக்காந்திருக்கவங்க எல்லாரும் ஒரே மாதிரி வீட்டுல இருந்து வந்திருந்தா இது அவங்க கண்ணுக்கே தெரியாது, அவங்களுக்கு அது நியாயமான பொது ரூலாத்தான் படும். கெட்ட எண்ணம் இருந்தா தான் தப்பு நடக்கும்னு இல்ல, பாக்காம விட்டாலே போதும்.

இலங்கையில வெறும் கவனக்குறைவு தான்னு நான் சொல்ல மாட்டேன். 2018ல அம்பாறையில முஸ்லிம் கடைச் சாப்பாட்டுல மலட்டு மாத்திரை கலக்குறாங்கன்னு புரளி கிளம்பி கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினாங்க, 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அப்புறம் மொத்த சமூகத்து மேலயும் சந்தேகம் விழுந்துச்சு, அடுத்த மாசமே குருநாகல்ல ஒரு முஸ்லிம் டாக்டர் சிங்களப் பெண்களுக்கு ரகசியமா கருத்தடை செஞ்சார்னு குற்றம் சாட்டினாங்க. ஆஸ்பத்திரி, மருந்து, டாக்டர்னு எல்லாமே சந்தேகத்துக்குள்ள வந்த ஒரு ஊர்ல தான் கோவிட் வந்து இறங்குச்சு. அவசர நிலைன்னா அது வெத்துத் தாள்ல எழுத ஆரம்பிக்கிறது கிடையாது, அந்த சமூகத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல முன்னாடி என்னென்ன நடந்துச்சோ அத்தனையும் சேந்து தான் வரும். இதைத் தெரிஞ்சுக்காம போற அதிகாரி எவ்ளோ நல்லவரா இருந்தாலும் அவர் கையில இருக்கிற ஊசியும் சந்தேகமாத்தான் தெரியும்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். கட்டாய எரிப்பை எதிர்த்துப் போட்ட அடிப்படை உரிமை மனுக்களை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 1ஆம் தேதி காரணம் சொல்லாமலே தள்ளுபடி பண்ணுச்சு. அடுத்த வாரமே 20 நாள் பச்சைக் குழந்தை ஒண்ணை பெத்தவங்க சம்மதம் இல்லாம கொழும்புல எரிச்சாங்க, அதுக்கு அப்புறம் தான் பொரளை மயானத்தோட கேட்டுலயும் வேலியிலயும் ஜனங்க வெள்ளைத் துணிய கட்ட ஆரம்பிச்சாங்க, கஃபன் துணி. முஸ்லிம்கள் மட்டும் இல்ல, எல்லா மதத்துக்காரங்களும் வந்து கட்டினாங்க. அந்த மாசக் கடைசில அரசாங்கமே போட்ட நிபுணர் குழு அடக்கமும் பண்ணலாம்னு சொல்லிடுச்சு, ஜனவரி ஆரம்பத்துல இலங்கை மருத்துவச் சங்கமும் அதையே சொல்லுச்சு. ஆனாலும் ரூல் மாறல. பிப்ரவரி 10ஆம் தேதி பிரதமர் பாராளுமன்றத்துல அனுமதிப்போம்னு சொல்லி, அடுத்த நாளே அதுல இருந்து பின்வாங்கினாங்க. கடைசில பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் பிப்ரவரி 25 தேதியிட்ட வர்த்தமானியில தான் அனுமதி வந்துச்சு. இது எனக்கு ரொம்ப வலிக்கிற இடம், ஒரு நாட்டோட சொந்த டாக்டர்கள் சொல்லி மாறாதது வெளிநாட்டுத் தலைவர் வந்ததும் மாறுது.

அனுமதி குடுத்த விதத்துலயும் ஒரு பாடம் இருக்கு. மொதல்ல அடக்கத்துக்கு இரணைதீவைக் காட்டினாங்க. கிளிநொச்சி மாவட்டத்துத் தீவு, அங்க இருக்கிறது தமிழ் கத்தோலிக்க மீனவக் குடும்பங்க, 1992ல போரால ஊரை விட்டுத் துரத்தப்பட்டு 2018ல தான் தாங்களாவே படகேறிப் போய் மறுபடி குடியேறினவங்க. அவங்ககிட்ட யாரும் கேக்கல, அவங்க போராடினாங்க. ஒரு சிறுபான்மையோட காயத்துக்கு இன்னொரு சிறுபான்மையோட மண்ணைக் காட்டுற வேலை இது. அப்புறம் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடி பக்கத்துல மஜ்மா நகர்ல இடம் ஒதுக்கி, மார்ச் 5ஆம் தேதி முதல் அடக்கம் நடந்துச்சு. கொழும்புல இறந்தவங்களையும் 250 கிலோமீட்டருக்கு மேல கொண்டு போய் அங்க தான் அடக்கம் பண்ணணும். ஒரு வருஷம் கழிச்சு 2022 மார்ச்ல தான் அவங்கவங்க ஊர்லயே பண்ணலாம்னு விட்டாங்க, அதுக்குள்ள 3,600 பேருக்கும் மேல அந்த மண்ணுல அடக்கம் ஆயிட்டாங்க. பெரும்பான்மை முஸ்லிம்கள், ஆனா அதுல இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள்னு சில நூறு பேரும் இருக்காங்க. கட்டாயமா எரிக்கிறது முஸ்லிம்களுக்கு மட்டும் தான் வலிச்சதுன்னு நினைச்சவங்க இதைப் பாக்கணும்.

சரி, இதே தப்பை வேற யாரும் பண்ணலையான்னா பண்ணாங்க. மும்பை மாநகராட்சி 2020 மார்ச் 30ஆம் தேதி, நீர்கொழும்பு சம்பவம் நடந்த அதே நாள், கோவிட்ல இறந்த எந்த மதத்தவரையும் எரிக்கணும்னு ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. எதிர்ப்பு வந்ததும் அன்னைக்கே வாபஸ். அப்புறம் பாந்த்ரா கபர்ஸ்தான்ல (முஸ்லிம் அடக்கஸ்தலத்துல) பொதைக்கக் கூடாதுன்னு அக்கம்பக்கத்து ஆளுங்க பாம்பே ஹைகோர்ட் போனப்போ, பொதைக்கிறதால பரவும்னு ஆதாரம் இல்லன்னு மே மாசம் கோர்ட் தள்ளிடுச்சு. நம்ம சென்னையிலயும் ஏப்ரல்ல கோவிட்ல இறந்த ஒரு டாக்டரை அடக்கம் பண்ணப் போனவங்களைக் கல்லால அடிச்சாங்க, அதுக்கு அப்புறம் அடக்கத்தைத் தடுத்தா சிறைன்னு தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்துச்சு. பயம் எல்லா ஊர்லயும் ஒண்ணு தான், அரசாங்கம் பயத்து பக்கம் நிக்குதா, இறந்தவங்க குடும்பத்து பக்கம் நிக்குதான்னு தான் வித்தியாசம்.

இப்போ ஒரு நியாயமான கேள்வி: பொணத்துல நிஜமாவே பெரிய ஆபத்து இருந்தா? அதுக்கும் பதில் இருக்கு, எபோலா. கோவிட் மாதிரி இல்ல இது, எபோலால இறந்தவங்க உடம்பைத் தொட்டாலே தொத்திக்கும், சாவு நேரத்துல தான் உடம்புல வைரஸ் உச்சத்துல இருக்கும். சியரா லியோன்ல 2014ல ஒரு நாட்டு வைத்தியரோட இறுதிச் சடங்கு நடந்துச்சு, அந்த ஒரு சடங்கோட 365 சாவு வரைக்கும் தொடர்பு இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. அதனால லைபீரியா அரசாங்கம் 2014 ஆகஸ்ட்ல தலைநகர் மன்றோவியாவுல எல்லாரையும் எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, அங்க எரிக்கிற வழக்கமே கிடையாது, இந்தியச் சமூகம் வச்சிருந்த ஒரு சுடுகாடு தான் இருந்துச்சு, அதைத்தான் பயன்படுத்தினாங்க. அந்த நாட்டுல மார்ச் மாசம் டெக்கரேஷன் டேன்னு ஒரு நாள் உண்டு, குடும்பமா போய் சமாதியைக் கழுவி பூ வச்சிட்டு வருவாங்க. சமாதியே இல்லாம போச்சுன்னா? ஜனங்க நோயாளிகளை வீட்டுலயே ஒளிச்சு வச்சாங்க, ராத்திரியில ரகசியமா பொதைச்சாங்க, எபோலா சென்டர்ல பெட் காலியா கிடந்துச்சு, வெளிய நோய் ஓடிட்டு இருந்துச்சு. பாதுகாப்புக்குன்னு போட்ட உத்தரவு பாதுகாப்பையே கெடுத்துச்சு, டிசம்பர்ல அதைக் கைவிட்டு அடக்கத்துக்குத் தனி இடம் வாங்கினாங்க.

அந்த நேரத்துல வந்தது தான் உலக சுகாதார நிறுவனத்தோட 2014 நவம்பர் வழிகாட்டல், பாதுகாப்பாவும் கண்ணியமாவும் அடக்கம் பண்றதுன்னு. பாதிரியார்களையும் இமாம்களையும் மானுடவியல் தெரிஞ்சவங்களையும் கூட வச்சு எழுதினது. குடும்பத்துக்கிட்ட பேசி ஒத்துக்கிட்ட பிறகு தான் உடம்புல கை வைக்கணும். முஸ்லிமா இருந்தா தண்ணியில குளிப்பாட்டுறதுக்கு பதிலா தயம்மும் (தண்ணி இல்லாம, சுத்தமான மண்ணைத் தொட்டுச் செய்ற சுத்தம்), அதுவும் கவசம் போட்ட குழுவுல இருக்கிற முஸ்லிம் ஒருத்தர் செய்யலாம். குடும்பம் குழி தோண்டலாம், தள்ளி நின்னு பிரார்த்தனை பண்ணலாம், பேர் எழுதின பலகை நடலாம். ஒரு விஷயத்துல மட்டும் அசையல, உடம்பை வெறுங்கையால யாரும் தொடக்கூடாது. பாருங்க, ஆபத்து நிஜமா இருந்த இடத்துலயே இவ்ளோ வழி கண்டுபிடிக்க முடிஞ்சுது. ஆபத்து இருந்ததா காட்டவே முடியாத கோவிட்ல இலங்கையால 11 மாசம் ஒரு வழியும் கண்டுபிடிக்க முடியலன்னா நான் ஏத்துக்க மாட்டேன்.

இது இறுதிச் சடங்கு பத்தின விஷயம் மட்டும்னு நினைச்சுக்காதீங்க. நோய்க்கு பேர் வைக்கிறதுலயும் இதே தான். 2020 ஏப்ரல்ல டெல்லியில நடந்த தப்லீக் ஜமாஅத்ங்கிற முஸ்லிம் அமைப்போட மாநாட்டுக்குப் போய் வந்தவங்களைத் தனியா எண்ணி எண்ணி நாடு முழுக்க டிவியில சொல்லச் சொல்ல ஒரு சமூகமே நோயைக் கொண்டு வந்ததுன்னு ஆயிடுச்சு, தமிழ்நாட்டுல தினசரி அறிவிப்புல மாநாட்டுப் பேரைச் சொல்றதை நிறுத்திட்டு "சிங்கிள் சோர்ஸ்"னு மாத்தினாங்க, அதுக்குள்ள எல்லாருக்கும் யாரைச் சொல்றாங்கன்னு தெரிஞ்சிருந்துச்சு. தொடர்புகளைக் கண்டுபிடிக்கிற டீமுக்கு யார் எங்க போனாங்கன்னு தெரியணும், வாஸ்தவம். ஆனா அந்தத் தகவல் அந்த டீமுக்குத் தான் வேணும், சாயங்கால நியூஸுக்கு வேண்டியதில்ல.

தகவல் போய்ச் சேர்ற பாதையும் அப்படித்தான். நியூயார்க்ல 2018-19ல தட்டம்மை பரவினப்போ 649 பேருக்கு வந்துச்சு, பெரும்பாலும் ப்ரூக்ளின்ல இருக்கிற மரபுவழி யூத சமூகத்துல. அங்க நிறைய வீட்டுல டிவியும் இன்டர்நெட்டும் பாக்க மாட்டாங்க, அதனால இணையத்துல போடுற விளம்பரம் அவங்களைத் தொடவே தொடாது. தடுப்பூசி வேண்டாம்னு சொல்ற கும்பல் மட்டும் அவங்களுக்குன்னே கையேடு அச்சடிச்சு வீட்டுக்கு அனுப்பியிருந்துச்சு. அதே சமூகத்துல பிறந்து வளந்த நர்ஸுங்க சேந்து பதில் கையேடு போட்டு, வீட்டுக் கூடத்துல சின்னச் சின்ன கூட்டம் வச்சு, அம்மாக்களோட சந்தேகத்தை ஒண்ணொண்ணா கேட்டுப் பேசினாங்க. நகராட்சி போட்ட அபராத உத்தரவும் இருந்துச்சு, ஆனா அம்மாக்கள்கிட்ட உக்காந்து பேசினது இந்த நர்ஸுங்க தான்.

நீங்க நாளைக்கு ஒரு ஊர்ல இந்த மாதிரி வேலைக்குப் போனா, நோய் வர்றதுக்கு முன்னாடியே அந்த ஊர்ல யாரெல்லாம் இருக்காங்க, அவங்க சாவு, பிரசவம், நோன்பு, திருவிழா எப்படி நடக்கும், யார் சொன்னா கேப்பாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. தலைவர்னு சொல்லிக்கிறவங்களை மட்டும் பாக்காதீங்க, மையத்துக் குளிப்பாட்டுறவங்க, பேறுகாலம் பாக்குற அம்மாக்கள், பள்ளிவாசல் மோதினார், சர்ச்ல வேலை பாக்குற கோயில்குட்டி, சங்கத்துல கணக்கு எழுதுற பையன், இவங்களுக்குத் தான் நிஜமா என்ன நடக்குதுன்னு தெரியும். ரூல் எழுதும்போதே அவங்கள்ல ஒருத்தர் மேஜையில இருக்கணும், எழுதி முடிச்சிட்டுக் கூப்பிட்டு விளக்கம் சொல்றது ஆலோசனை கிடையாது. எதுக்காகத் தடுக்குறோம்னு காரணத்தை எழுத்துல குடுங்க, காரணம் எழுத முடியலன்னா அந்தத் தடையே தேவையான்னு யோசிங்க.

இன்னொண்ணு, யாரும் பெருசா பேசாதது: ஒவ்வொரு அவசர ரூலுக்கும் ஒரு தேதி போடுங்க. இன்னும் ரெண்டு வாரத்துல புது ஆதாரத்தை வச்சு இதை மறுபடி பாப்போம், இன்னார் பாப்பாங்கன்னு அந்த உத்தரவுலயே இருக்கணும். ஆரம்பத்துல எதுவுமே தெரியாம பயந்து ஒரு கடுமையான ரூல் போட்டாங்கன்னா அதை மன்னிச்சிடலாம், நாலு மாசம் கழிச்சு எல்லாம் தெரிஞ்ச பிறகும் அதே ரூல் இருந்தா அது வேற. இலங்கையில அரசாங்கத்தோட சொந்த நிபுணர் குழு டிசம்பர்ல சொன்னதுக்கும் வர்த்தமானி பிப்ரவரில மாறினதுக்கும் நடுவுலயும் எரிப்பு நடந்துட்டே தான் இருந்துச்சு. 2024 ஜூலையில இலங்கை அமைச்சரவை இதுக்காக மன்னிப்புக் கேட்டு, அடக்கமா எரிப்பாங்கிறதை குடும்பமே தீர்மானிக்கிற மாதிரி சட்டம் கொண்டு வரணும்னும் முடிவு எடுத்துச்சு. உத்தரவுலயே ரெண்டு வாரத் தேதி ஒண்ணு இருந்திருந்தா 2020 ஏப்ரல் முடியறதுக்குள்ளயே யாராவது உக்காந்து உலக சுகாதார நிறுவனத்தோட அந்த மார்ச் 24 வழிகாட்டலைப் படிச்சே ஆகணும்.